ஈரக் கைக்குட்டை

எஞ்சின் சூடானால் கார் நின்றுவிடுகிறது, ஆறினால் கிளம்பிவிடுகிறது என்று டிரைவர் செபஸ்தியான் சொன்னதைத் திலகவதி நம்பவில்லை. போன வாரம் மேம்பாலத்தின் நடுவில் மூன்றாவது முறையாக நின்றபோது அவர் பானெட்டைத் திறந்து, நனைத்த கைக்குட்டையை உள்ளே எங்கோ வைத்தார்.

"வண்டிக்குக் காய்ச்சலா? ஓட்டத் தெரியலைன்னா ஒத்துக்கங்களேன்" என்றாள் உரக்க.

பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினாள்.

இன்று ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் யூசுப், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் கட்டைவிரல் அளவே இருந்த கேம்ஷாஃப்ட் சென்சாரின் மேல் ஹேர் டிரையரைக் காட்டினார். இரண்டு நிமிடத்தில் எஞ்சின் இருமி நின்றது. ஈரத்துணி போட்டு ஆறவைத்துச் சாவியைத் திருப்பினார். கிளம்பியது.

"கோளாறு இதுலதான் மேடம். ஆனா இதைப் பாருங்க." சென்சாரின் இடுக்கிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்த, காய்ந்து விறைத்த கட்டம்போட்ட கைக்குட்டையை அவளிடம் நீட்டினார். "கம்ப்யூட்டர் மாட்டியும் எனக்கு அரை நாள் ஆச்சு. கரெக்டா இந்த எடத்துல வெச்சிருக்காங்களே, யாரு?"

"நான்தான்" என்றாள் திலகவதி.

"அடேங்கப்பா! டேய், எல்லாரும் இங்க வாங்க. மேடம்கிட்ட கத்துக்கங்க."

கிரீஸ் கைகளைத் துடைத்தபடி நால்வர் வந்து நின்றார்கள்.

"சொல்லுங்க மேடம், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவள் கைக்குட்டையை இரண்டாக மடித்தாள். நான்காக, எட்டாக மடித்தாள். மேலும் மடிக்க முடியாமல் போன பிறகும் அவர்கள் காத்திருந்தார்கள்.