மஞ்சளா, பச்சையா?

“மறுபடியும் தீனியை அள்ளிக் கொட்டினியா? தண்ணியே ஒரு மாதிரி இருக்கு.”

“ஒரு சிட்டிகைதான் போட்டேன். வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதீங்க. அவ்வளவு அக்கறை இருந்தா தொட்டியை நீங்களே தூக்கிட்டுப் போங்க.”

“தண்ணி சரியாகட்டும், தூக்கிட்டுப் போறேன்.”

மீன்தொட்டித் தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குழாயில் பிடித்து, மருந்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்கினான் கணவன். கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள் மனைவி.

“மஞ்சளா இருந்தா நல்ல தண்ணி. பச்சையா மாறினா கெட்டது. எத்தனை தடவை சொல்றது?”

“தெரியும். பாடம் எடுக்க வேண்டாம்.”

நிறம் தெரியச் சில நிமிடங்கள் ஆகும். தொட்டியின் மோட்டார் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். பளிச்சென்று மஞ்சள்.

“பச்சைதான்” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“குடுங்க இப்படி.” வெடுக்கென்று வாங்கியவள், குழாயை வெகுநேரம் பார்த்தாள்.

“ஆமா, பச்சைதான். அடுத்த சனிக்கிழமையும் நீங்க வந்தாகணும்.”

வாசலில் செருப்பை மாட்டியவன் தயங்கினான். “விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட வக்கீல் திங்கக்கிழமை வரச் சொல்றாரு.”

“முதல்ல தண்ணி சரியாகட்டும்னு சொல்லுங்க.”