விலாசம் பொருந்தவில்லை

"விலாசம் பொருந்தவில்லை" என்று மறுபடியும் சிவப்பு எழுத்தில் வந்து நின்றது.

"சனியனே! என் அட்ரஸ் எனக்குத் தெரியாதா?" கோரின் கணினி மேசையை ஓங்கித் தட்டினாள்.

மகன் எம்மெட் மெல்லிய சட்டையோடு ஜன்னலில் நின்று பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரிசோனா வெயிலில் வளர்ந்த பிள்ளை, மினசோட்டாவுக்கு இப்போதுதான் வந்திருக்கிறான். பனிக்கோட்டு இல்லாமல் வராதே என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"கோட்டு நாளைக்கு வந்துருமாம்மா?"

"வரும்டா. இந்தப் பாழாப்போன மிஷின் மனசு வச்சா வரும்."

கோட்டு வாங்க இணையக் கடையில் அவள் இந்த வீட்டு விலாசத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர்கள் அதை வங்கியில் இருக்கும் விலாசத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள் என்பது எரிச்சலில் அவளுக்கு உறைக்கவில்லை. குடும்பத்துக்கே பொதுவான அந்தக் கிரெடிட் கார்டுக்கு வங்கியில் இருந்ததோ டூசான் நகரத்துப் பழைய வீடு.

கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

"மேடம், கார்டு கம்பெனியிலேருந்து பேசறோம். ஒரு பேமென்ட் திரும்பத் திரும்ப நிக்குதே, நீங்கதானா?"

"நானேதான்! இப்பதான் கூப்பிடணும்னு தோணிச்சா உங்களுக்கு?"

"கோவப்படாதீங்க. எங்ககிட்ட இருக்கிறது டூசான், 2218ஆம் நம்பர் வீடு, ஜிப் கோடு 85719. சரிதானே?"

அப்பாடா! கோரினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நாங்க இப்ப அங்க இல்லைங்க."

"அதான் ஒத்துப்போகல. புது அட்ரஸ் சொல்லுங்க, மாத்தி விட்டுடறேன்."

கோரின் தயங்கினாள். "வேற யாருக்கும் குடுத்துட மாட்டீங்களே?"

"சேச்சே! உங்க பாதுகாப்புக்குத்தானே மேடம் இவ்வளவு செக்கிங்கும்?"

எம்மெட் தும்மினான். அவள் மடமடவென்று சொல்லி முடித்தாள். வீட்டு எண், தெரு, டுலுத் நகரம், ஜிப் கோடு, எல்லாம்.

"கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டுப் பாருங்க மேடம்."

"ரொம்ப நன்றிங்க. காலைலேருந்து உயிரை எடுத்துடுச்சு."

டூசானில் போனை வைத்தவன் பக்கத்திலிருந்த நண்பனைப் பார்த்துச் சிரித்தான். கார்டில் பேமென்ட் நின்றுபோனதாகத் தன் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியை அந்த நண்பன் இன்னும் வெறித்துக்கொண்டிருந்தான்.

"டிக்கெட் போடு, காரெட். எங்க ஒளிஞ்சிருக்கான்னு உன் பொண்டாட்டி வாயாலயே சொல்லிட்டா!"