பத்துக் காசு

கொட்வினும் மனைவி செலஸ்ரீனாவும் இத்தாலியின் பலர்மோவில் வெவ்வேறு வீடுகளில் தங்கி வேலை செய்கிறார்கள். இருவருக்கும் ஓய்வு வியாழன் பின்னேரம் மட்டுந்தான். சந்தைக்கருகே, பாரின் மூலையில், சூதாட்ட மெசினின் சிவப்பும் பச்சையும் அவனது களைத்த முகத்தில் மாறிமாறி விழுகின்றன. பத்தே பத்து ஐந்நூறு லீராக் காசுகள், அதற்கு மேல் தொடுவதில்லை என்பது அவன் தனக்கே போட்ட கட்டளை. மிச்சச் சம்பளத்தை வாசலிலேயே அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். ஏழாவது காசுக்கு மெசின் சலசலவென்று கொட்டுகிறது. வென்றது கணக்கில் சேராது என்று அதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுகிறான். கண் எரிகிறது. வெளியே மீன்காரரின் கூவல் ஓய்ந்து, கடைக்கதவுகள் இழுபடுகின்றன. எதிர்ச்சுவரில் வெயில் கூரைவரை ஏறிவிட்டது. கடைசிக் காசும் போனபின் எழுந்து வருகிறான். வாசல் கதிரையில் செலஸ்ரீனா, தான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் குசினியில் விடியவே அவித்த புட்டுப் பெட்டியை மடியில் வைத்தபடி இருக்கிறாள். "ஐயாயிரத்துக்கு மேலை ஒரு சதம் போகேல்லை," என்கிறான். "ஓம், காசுக்கு நல்ல கணக்குத்தான் வைச்சிருக்கிறியள்." திறக்காத பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் எழும்புகிறாள். "ஏழு மணிக்கு நான் சிஞ்ஞோரா வீட்டை நிக்கவேணும். இனி அடுத்த வியாழன்தான்."