பஸ்ஸுக்குள் நடந்த மீட்டிங்

"ஆடுன்னா ஆடு, ரோடு முழுக்க ஆடு!" என்றார் டீச்சர், கழுத்தில் துணியும் தலையில் நாலு கிளிப்புமாக.

"தலையை ஆட்டாதீங்க டீச்சர். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

என் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. அதுவும் வெளிநாடு போய் வந்தவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். பெட்டி மாறிய கதை, பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்ட கதை, எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

டீச்சர் இந்தத் தெருவுக்குப் புதுசு. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டே வெட்டினேன். அப்பா போனதிலிருந்து நான் வாய்விட்டுச் சிரிக்கவே இல்லை. வீட்டில் சண்டைதான்.

"பெத்த அப்பன் கிடக்கறார், மூத்தவ எட்டிக்கூடப் பார்க்கல" என்று எல்லோர் முன்னாலும் சித்தி அக்காவை ஏசினாள். எனக்கு வந்ததே கோபம். வெளியூரில் ஆபீஸ் ட்ரெயினிங், லீவு தரமாட்டேன் என்கிறார்கள், அவள் என்ன செய்வாள் பாவம்? எல்லாம் முடிந்த மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். என் தோளில் விழுந்து அவள் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். இனி இந்த வாசல் மிதிக்காதே என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். அம்மா இல்லாத எங்களைத் தூக்கி வளர்த்தவள் அவள். இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. போகட்டும், எனக்கு அக்கா போதும்.

"கேளும்மா," என்று டீச்சர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மலை ரோட்டுல ஆட்டு மந்தை குறுக்க வந்து பஸ் நின்னு போச்சு. எங்க குரூப்ல ஒரு அம்மா, சரியான கலகலப்பு. அந்த நேரம் பார்த்து அவங்களுக்கு வீட்டுலேருந்து போன். சட்டுனு எழுந்து நின்னு, 'யாரும் சத்தம் போடாதீங்க, நான் ஆபீஸ் மீட்டிங்ல இருக்கறதா சொல்லியிருக்கேன்'னாங்க பாரு!"

நான் சிரித்தேன். புருஷனுக்குத் தெரியாமல் வந்திருப்பாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

"பஸ்ஸே கப்சிப். எங்க டூர் மேனேஜர் ஒரு குறும்புக்காரன். தொண்டையைச் செருமிட்டு, 'அடுத்து இந்த வருஷ டார்கெட்டைப் பார்ப்போம்'னு கணீர்னு ஆரம்பிச்சான். எங்க வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? 'எஸ் சார், எஸ் சார்'ங்கறார். நான் சால்வையை வாயில அடைச்சுக்கிட்டேன். அப்பப் பார்த்து ஜன்னலுக்குக் கீழேயே ஒரு ஆடு மேன்னு கத்துச்சு!"

டீச்சருக்கு உடம்பெல்லாம் குலுங்கியது. கத்தரிக்கோலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் என்ன சத்தம்னு கேட்டிருப்பாங்க போல. இந்தம்மா கொஞ்சங்கூட அசரல. 'ஏசி ரிப்பேருடி, காலையிலேருந்து இப்படித்தான் கத்துது'ன்னாங்களே!"

என் கை நின்றுவிட்டது.

"என்னம்மா, கோணலாயிடுச்சா?"

"இல்ல டீச்சர். நேராத்தான் இருக்கு."

கேட்டது நான்தான். ஆஸ்பத்திரியில் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னக்கா ஆபீசுக்குள்ள ஆடு கத்துது என்று நான்தான் கேட்டேன். ஏசி ரிப்பேருடி என்றாள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அடிப்பாவி.

டூர் போகிறேன் என்று சொல்லியிருந்தால் நானே பெட்டி அடுக்கிக் கொடுத்திருப்பேனே. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாகப் போய் வா என்றிருப்பேனே. என்னிடமா நாடகம்? அவளுக்காக வரிந்து கட்டிக்கொண்டு சித்தியிடம் நின்றேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு பஸ் கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறது, என்னை வைத்து.

"அதுக்கப்புறமும் மேனேஜர் விடாம மீட்டிங் நடத்திக்கிட்டே இருந்தான். போனை வச்சதும் எல்லாரும் கைதட்டினோம். அவங்க குனிஞ்சு கும்பிடு வேற போட்டாங்க. அப்புறம் கீழ இறங்கி ஆட்டைக் கட்டிப்பிடிச்சு ஒரு போட்டோ. இரு, காட்டறேன்." டீச்சர் துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார்.

"வேண்டாம் டீச்சர். போன் மேல முடி விழும்."

"யாரோ ஒருத்தி, பாவம், நல்லா ஏமாந்துட்டா," என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒருத்தி மட்டும் இல்லை.

ஏசி என்று அவள் சொன்னதுமே, "அக்கா, அப்பா உன்கிட்ட பேசணுங்கறார்" என்று போனை அவர் காதில் வைத்துவிட்டேன். அப்புறம் நடந்ததையெல்லாம் கேட்டவர் அவர்தான். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை என் பக்கம் தள்ளினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிவு.

"பெரிய மீட்டிங்மா. ஆபீசருங்க எல்லாம் பேசறாங்க, என் காதால கேட்டேன். அவளைத் தொந்தரவு பண்ணாதே."

அவர் சொன்னாரே என்று நான் மறுபடி கூப்பிடவில்லை.

ட்ரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸைக் கையைப் பிடித்து நிறுத்தி, பெரிய மகள் எவ்வளவு பெரிய வேலையில் இருக்கிறாள் என்று சொன்னார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை.