இரண்டாவது டம்ளர்

போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஞானதுரையின் வாயை மோந்து பார்த்த பிறகுதான் மனைவி எப்சிபா அவரை வீட்டுக்குள்ளேயே விடுவாள். அப்படிப்பட்டவள் அன்று மத்தியானம் தன் கையாலேயே ஒரு பச்சை பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள்.

"என்ன எப்சி இது?"

"எந்தம்பி துபாய்ல இருந்து கொண்டாந்தான். ஆப்பிள்ல செஞ்ச சரக்காம். குடிச்சுப் பாருங்க."

"ஆறு மாசமா தொடலையேம்மா. நாளைக்கு மதுரைக்கு வேற போகணும்."

"ஆறு மாசம் வைராக்கியமா இருந்தீகல்ல, அதுக்குத்தான். ஒரு டம்ளர்ல என்ன ஆகிறப் போகுது?"

ஞானதுரை உறிஞ்சினார். முதலில் இனித்தது, பிறகு புளித்தது, கடைசியில் மூக்கில் சுர்ரென்று ஏறியது. எத்தனையோ குடித்தவர்தான், இப்படி ஒன்றைக் குடித்ததில்லை. இரண்டாவது டம்ளரையும் அவளே நீட்டினாள். கல்யாணமான இருபது வருசத்தில் காணாத பிரியம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"உங்க அண்ணனுக்குக் கல்லீரல்ல பாதியைத் தரப்போறது நீங்கதான? ஆறு மாசமா ஒரு சொட்டுக்கூடத் தொடலையே?"

ஞானதுரை வாயைத் திறக்குமுன் எப்சிபா குமுறி அழுதாள்.

"நேத்துக்கூடக் குடிச்சாக டாக்டர். நான் சொன்னா எங்க கேக்குறாக?"

டாக்டர் ஃபைலை மூடினார். சக்கர நாற்காலியில் இருந்த அண்ணன், மஞ்சள் பூத்த கண்களால் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் எப்சிபா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம். பாட்டில்ல பாதி மிச்சமிருக்கு."