மூடுவதற்கு முன்

கடலோரத்தில் எழும்பிக்கொண்டிருந்த அந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்குச் செங்கல் சுவர் கிடையாது. மெல்லிய எஃகுச் சட்டங்களை நிறுத்தி, இருபுறமும் பலகை அடித்து மூடுவார்கள். சட்டத்தைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு. அறுத்த இடத்திலும் துளை போட்ட இடத்திலும் அது போய்விடும். அங்கெல்லாம் துத்தநாக பெயிண்ட் பூசுவதுதான் அமலோற்பவத்தின் வேலை.

மதியம் சாப்பிட்டுத் திரும்பியபோது, வயருக்காகச் சட்டங்களில் துளை போட்ட கடைசிச் சுவரை மூடியிருந்தார்கள். அதில் அவள் இன்னும் பெயிண்ட் பூசியிருக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திருகுகளைக் கழற்றத் தொடங்கினாள்.

மேஸ்திரி சூசை ஓடி வந்தார். "ஏம்மா, என்ன செய்யுத? மூடினப்புறம் உள்ள யாரு பாக்கப் போறா?"

"உப்புக்காத்து பாக்கும்ண்ணே."

"வேலை போயிரும், பாத்துக்கோ."

அவள் நிறுத்தவில்லை. சாய்ந்த பலகையை அவரே தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. முந்தாநாள் போட்ட துளையின் விளிம்பில் அதற்குள் செம்பழுப்பாய் ஒரு கோடு. சூசை தொட்டுப் பார்த்தார். துரு விரலில் ஒட்டியது.

"இன்னொரு பிரஷ் இருக்கா?" என்றார்.

அவள் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே முன்னால் போனாள். அவர் பின்னால் பூசிக்கொண்டே வந்தார். அந்தச் சுவரோரம்தான் தொட்டில்கள் வரப்போகின்றன என்று யாரோ சொன்னார்கள்.