கால் சுட்ட சம்பந்தம்

“எல்லாம் இந்தக் கார் எஞ்சின் பண்ற வேலை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மனைவி புவனேஸ்வரியின் கடலை எண்ணெய் டின்னைத் தகரக் கத்திரியால் இரண்டாகப் பிளந்தார் இளையபெருமாள். டின்னுக்குள் ஒட்டியிருந்த பழைய எண்ணெயின் சிக்கு நாற்றம் வாசல் முழுக்கப் பரவியது.

புவனேஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “கழுவிட்டாவது வெட்டக்கூடாதா? கொமட்டுது.”

“கழுவக் கூடாது. எண்ணெய்ப் பசை இருந்தாத்தான் துருப் புடிக்காது. இதெல்லாம் டெக்னிக்கல்.”

சிமென்ட் ஆலையின் சூளைப் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, அவருக்கு உலகத்தில் டெக்னிக்கல் இல்லாத விஷயமே இல்லை. தோசைக்கல் எவ்வளவு காய வேண்டும் என்பதற்குக்கூட ஒரு கணக்கு வைத்திருந்தார். தோசையை மட்டும் அவள்தான் சுட வேண்டும்.

கார் வந்தது போன மார்கழியில். கோத்தகிரியில் எஸ்டேட் மேனேஜர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த செகண்ட்ஹேண்ட் வண்டி. அவர் வைத்தது வைத்தபடியே இருக்க வேண்டும் என்பது இளையபெருமாளின் உத்தரவு. ரேடியோ, திருகுக் குமிழ், தள்ளுக் கம்பி என்று டேஷ்போர்டில் இருந்த அத்தனையின் மேலும் செல்லோடேப் ஒட்டிவிட்டார். “பெரிய மனுஷன் வச்ச செட்டிங். கை வச்சா மாறிடும்.”

பங்குனி பிறந்ததும் வண்டிக்குள் கால் வைக்க முடியவில்லை. அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. “குளிர்லயே வளர்ந்த எஞ்சின் புவனா. நம்ம அரியலூரு வெயில் அதுக்கு ஒத்துக்கலை. சூட்டை உள்ளாற தள்ளுது.”

அந்தச் சூடு மகள் நந்தினியின் கல்யாணத்தையே பொசுக்கிவிடும் போலிருந்தது. அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையனின் தாய்மாமன் சாமிக்கண்ணுவை, கௌரவத்துக்காக இந்தக் காரில்தான் தா.பழூரில் அவர் வீடு வரை கொண்டுபோய் விட்டார் இளையபெருமாள். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. மாமனுக்குத்தான் பாதம் இரண்டும் சிவந்துபோயிற்று. “பொண்ணு குடுக்கிறதுக்கு முந்தியே என்னை வேக வச்சுட்டானுவ” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பையனின் அம்மா செங்கமலமே நேரில் வந்து முடிவு சொல்வதாகத் தகவல் வந்தது. குன்னூரில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கறாரான மனுஷி என்று பேச்சு. மெட்ராஸிலிருந்து ரயிலில் வருகிறவரை ஸ்டேஷனிலிருந்து தா.பழூரில் சாமிக்கண்ணு வீட்டுக்குத் தானே அழைத்துப் போவதாக இளையபெருமாள் வாக்குக் கொடுத்துவிட்டார்.

“ஏங்க, ஒரு வாடகைக் கார் பேசிக்கலாங்க. நம்ம பொண்ணு வாழ்க்கைங்க.”

“சூளைக்கே சூடு வச்சவன் நான். ஒரு கார் எஞ்சினுக்கு ஹீட் ஷீல்டு செய்யத் தெரியாதா எனக்கு?”

சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டு என்ற அந்த வஸ்து இப்படித்தான் தயாராயிற்று. இரண்டு தகரத்துக்கும் நடுவே ஆட்டுக் கொட்டகையில் விரித்திருந்த சாக்கை மடித்து வைத்தார். ஆலையிலிருந்து ‘ஞாபகார்த்தமாக’ எடுத்து வந்திருந்த சூளை மண்ணைக் குழைத்து அதன் மேல் அப்பினார். கட்டுக்கம்பியால் இறுக்கி, எஞ்சினுக்குப் பின்னால் செருகி, தள்ளி நின்று ரசித்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் கத்திரி வெயில். செங்கமலத்தை முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். வண்டி அரியலூரைத் தாண்டுவதற்குள் ஷீல்டு வேலையைக் காட்ட ஆரம்பித்தது. ஊசிப்போன எண்ணெயும் ஆட்டு மூத்திரமும் சேர்ந்து வறுபடும் நாற்றம் வண்டிக்குள் அடைத்துக்கொண்டது. காலடியில் அனல் கொஞ்சமும் குறையவில்லை.

“இப்ப எப்படிம்மா இருக்கு? ஷீல்டு இல்லாட்டி இந்நேரம் ஒக்கார முடியாது. முழுக்க என் டிசைன்.”

செங்கமலம் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல், “தெரியுதுங்க” என்றார்.

பின்சீட்டில் புவனேஸ்வரிக்குக் கண் கலங்கியது. அது புகையாலா, புருஷனாலா என்று அவளுக்கே விளங்கவில்லை. கழுவாத டின்னை நேற்றே அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம் என்று தோன்றியது.

“முந்திரிச் சாக்குதான் போடலாம்னு இருந்தேன். ஆட்டுச் சாக்குல உப்பு ஏறியிருக்கும் பாருங்க, அது தீப்புடிக்காது. இதெல்லாம் டெக்னிக்கல்...”

உடையார்பாளையம் நெருங்கும்போது செங்கமலம் செருப்போடு காலைத் தூக்கிச் சீட்டு விளிம்பில் வைத்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று புவனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

செல்லோடேப் கிழிகிற சத்தம் கேட்டுத் திறந்தாள். செங்கமலம் டேஷ்போர்டில் குனிந்து, டேப்பை நகத்தால் சுரண்டிப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயையோ, அம்மா! செட்டிங்!” என்று அலறினார் இளையபெருமாள்.

செங்கமலம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிவப்புப் புள்ளி ஓரமாக நின்றிருந்த குட்டித் தள்ளுக் கம்பியை, நீலப் புள்ளி வரைக்கும் ஒற்றை விரலால் நகர்த்தினார்.

கொஞ்ச தூரம் போனதும் காலடியில் வீசிக்கொண்டிருந்த அனல் மெல்ல அடங்கிப் போயிற்று. ஆட்டுச் சாக்கின் நாற்றம் மட்டும் மிச்சமிருந்தது.

செங்கமலம் காலைக் கீழே இறக்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, இளையபெருமாள் பக்கம் நிதானமாகத் திரும்பினார்.

“எங்க குன்னூர்லயே மார்கழி, தையிலதாங்க ஹீட்டர் போடுவோம், சம்பந்தி.”